நூற்று நாற்பது ஏப்பம்

எங்கள் மில் விடுதியில் நூற்று நாற்பது வயிறு இருந்தது, அத்தனைக்கும் சேர்த்துச் சாப்பிட ஒரே ஒரு வாய்தான் இருந்தது, அந்த வாய் மருதாயி அக்காவுடையது என்று நான் சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு என் கழுத்தெலும்பைப் பார்க்கிறார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போங்கள். நான் ஏழாம் நம்பர் மெஷினில் மூன்று வருஷம் அறுந்த நூலை ஒட்டியவள், பெயர் பவுனுத்தாய், பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

திண்டுக்கல்லுக்கு வடக்கே, சுற்றுச்சுவர் நெடுகக் கண்ணாடிச் சில்லு பதித்த நூல் மில் அது. ஊர் ஊராக வேன் விட்டு எங்களைக் கூட்டிவந்து, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு ஆகும் என்று அப்பன் ஆத்தாளிடம் சொல்லி, உள்ளே விட்டுக் கேட்டைப் பூட்டிக்கொண்டார்கள். விடுதிப் பிள்ளைகள் எல்லாருக்கும் பகல் ஷிப்டு. சமையல் மருதாயி அக்கா. அவருடைய மகள் நாகஜோதியும் எங்களோடு ஒன்பதாம் நம்பர் மெஷினில் நின்றாள். புருஷன் செத்த மறு மாசம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "இவளுக்கு வேலை குடுத்தா நான் சமைக்கிறேன், இவ கண்ணுக்கு முன்னால இருந்தாப் போதும்" என்று கேட்டு வாங்கிய வேலை.

நான் சேருவதற்கு முந்தின வருஷம் சாம்பாரில் பல்லி விழுந்து, அறுபது பேர் வாந்தியெடுத்து, இரண்டு நாள் மெஷின் நின்றுபோனது. பிள்ளைகள் வாந்தியெடுத்தது மானேஜருக்கு உறைக்கவில்லை, மெஷின் நின்றது உறைத்தது. அன்றைக்குப் போட்டார் ஒரு சட்டம். மூன்று வேளையும், நாங்கள் எல்லாரும் காலித் தட்டோடு தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, மருதாயி அக்கா எங்களுக்கு எதிரில் நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சமைத்ததையெல்லாம் போட்டு ஒரு முழுத் தட்டுச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டபின் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வார்டன் ரெஜினா பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்கள் தட்டில் சோறு விழும். முதல் தட்டு என்று அதற்குப் பெயர். பசியோடு இருக்கிறவளுக்கு முன்னால் இன்னொருத்தி சாப்பிடுவதைப் போலக் கொடுமை உண்டா? அக்கா தலையைக் குனிந்துகொண்டு கூச்சத்தோடு சாப்பிடுவார், நாங்கள் ஒவ்வொரு கவளமும் அவர் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம், அவர் விழுங்கும்போது நாங்களும் எச்சிலை விழுங்குவோம், இப்படி நாள் தப்பாமல் இரண்டு வருஷம்.

ஒரு ஆடிச் செவ்வாய்க்கிழமை, மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்த மத்தியானத்தில், அக்கா கடைசிக் கவளத்தை விழுங்கித் தண்ணீர் குடித்தார், நாங்கள் நூற்று நாற்பது பேரும் ஏப்பம் விட்டோம்.

ஒரே நேரத்தில் விட்டோம். பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருந்த பூனை எழுந்து ஓடியது. வயிறு திம்மென்று, விருந்துக்குப் போய்வந்த மாதிரி நிறைந்திருந்தது, கண் சொக்கியது, நாங்கள் பழக்கதோஷத்தில் எழுந்து போய்ச் சாப்பிடாத கையை வரிசையில் நின்று கழுவினோம். மருதாயி அக்கா மட்டும் காலித் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னடி இது, சாப்பிட்ட மாதிரியே இல்லயே" என்றார்.

முதல் மூன்று நாள் எல்லாருக்கும் பயம்தான். வார்டன் ரெஜினா ஜெபம் பண்ணிப் பார்த்தார், நாங்கள் வேப்பிலை கட்டிப் பார்த்தோம், இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சோற்றை உள்ளே தள்ளிப் பார்த்து வாந்தியெடுத்தார்கள். நாலாம் நாள் பழகிவிட்டது. எதுதான் பழகாது? ஜன்னல் இல்லாத அறை பழகியது, பூட்டின கேட் பழகியது, இதுவும் பழகியது. ருசி எங்களுக்கு வராது, நிறைவு மட்டும்தான் வரும், இருந்தாலும் "அக்கா, இன்னைக்கு ரெண்டு அப்பளம் சேத்துக்கங்க, கிண்ணுனு இருக்கட்டும்" என்று கேலி பேசுகிற அளவுக்குத் துணிந்துவிட்டோம். அக்காவை ஊருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அய்யலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் இரண்டு இட்லி தின்ற நேரத்துக்கு மில்லுக்குள் நாங்கள் ஏப்பம் விட்டோம். தூரமெல்லாம் அதற்குக் கணக்கில்லை என்று தெரிந்ததும் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள்.

எங்களைவிட வேகமாகப் பழகிக்கொண்டவர் மானேஜர். முதல் வாரம் அரிசி மூட்டையைக் குறைத்தார். இரண்டாம் வாரம் சாப்பாட்டு இடைவேளையைப் பத்து நிமிஷமாக்கினார், சாப்பிடாதவளுக்கு எதற்கு அரை மணி நேரம். மூன்றாம் வாரம் அதுவும் போனது. சாப்பாட்டுக் கூடத்தில் நூல் கோன் அடைத்த அட்டைப்பெட்டிகளை அடுக்கினார்கள், நீல நாற்காலியை மெஷின்களுக்கு நடுவில் கொண்டுவந்து போட்டார்கள், பஞ்சுத்தூசி பறக்கிற அந்த இடத்தில் அக்கா உட்கார்ந்து சாப்பிடுவார், நாங்கள் நின்றபடி, கை நூலில் இருக்க, ஏப்பம் விட்டுக்கொள்வோம். அக்கம்பக்கத்து மில்காரர்கள் காரில் வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு சமையல்காரி நமக்கு வாய்க்கவில்லையே என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள்.

மாசத்துக்கு ஒரு ஞாயிறு பெற்றவர்களை உள்ளே விடுவார்கள். என் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இளைச்சிருக்கியே தாயி" என்றார். "வயிறு நிறையத்தான்ப்பா இருக்கு" என்றேன். அது சத்தியமாகப் பொய் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, ஒல்லியாக இருந்தால்தான் இந்தக் காலத்து மாப்பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று சொல்லி அவரைத் தேற்றினார். அந்த வாயில் அன்றைக்கே மண்ணைப் போட்டிருக்க வேண்டும், எனக்குத் தெம்பில்லை.

புரட்டாசியில் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. ஐப்பசியில் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு மாசா மாசம் வருகிற தூரம் நின்றுவிட்டது. அக்கா சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றில் ஒரு எரிச்சல் ஏறும், வாயெல்லாம் கசக்கும், நாக்கைத் துடைத்தால் முந்தானை மஞ்சளாகும். அக்காவும் தேறவில்லை. தின்றது தின்றபடியே அவருக்கு வெளியே போனது, சோற்றுப் பருக்கை பருக்கையாகவே போனது, இடுப்புச் சேலை நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார். மெஷினடியில் நாளுக்கு இரண்டு பேர் மயங்கி விழ ஆரம்பித்ததும் மானேஜர் கண்டுபிடித்தாரே ஒரு காரணம், அக்கா சரியாகச் சாப்பிடவில்லையாம்! ஒரு தட்டு இரண்டாச்சு, இரண்டு ஐந்தாச்சு, பிறகு முட்டை, பிறகு கறி. மானேஜரை மட்டும் சொல்வானேன், நாங்களும்தான் சுற்றி நின்று கெஞ்சினோம். "இன்னும் ஒரு கை சாப்பிடுங்கக்கா, கால் தள்ளாடுது, எங்களுக்காகச் சாப்பிடுங்கக்கா" என்று இந்த வாயால் நான் கெஞ்சியிருக்கிறேன். வயிறு நிறைந்துதானே இருக்கிறது, அப்புறம் ஏன் விழுகிறோம், அப்படியென்றால் இன்னும் நிறைய வேண்டும் போலிருக்கிறது என்று எங்கள் புத்தி போனது. அக்கா அழுதுகொண்டே விழுங்கினார்.

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் நாகஜோதி விழுந்தாள். விழுந்தவள் மற்றவர்களைப் போல எழுந்திரிக்கவில்லை. பஞ்சு மூட்டை நிறுக்கிற தராசில் தூக்கி வைத்தார்கள், முப்பத்திரண்டு கிலோ இருந்தாள், பத்தொன்பது வயசுப் பிள்ளை. அக்கா மகளை மடியில் போட்டுக்கொண்டு ஒரு உருண்டை பருப்புச் சோற்றை அவள் உதட்டில் வைத்தார்.

"வேண்டாம்மா. கழுத்து வரைக்கும் இருக்கு."

"ஒரே ஒரு வாய், என் தங்கம்."

"மேல எடம் இல்லம்மா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்றைக்குப் புதன்கிழமை. வாரத்துக்கு ஒருமுறை மில்லுக்கு வருகிற டாக்டர் வந்திருந்தார். வயசான மனுஷன், எதற்கும் ஆச்சரியப்பட்டு நான் பார்த்ததில்லை. நாகஜோதியின் கண் இமையை இறக்கிப் பார்த்தார், அக்காவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, குடலுக்குள்ள சுவர் பூராவும் செல்லு. சத்தை உறிஞ்சுற செல்லுதான் அதுல முக்காவாசி. அதுக்கு நடுவுல, நூத்துல ஒண்ணு மாதிரி, அங்கொண்ணும் இங்கொண்ணுமா வேற ஒரு ஜாதி செல்லு ஒக்காந்திருக்கு. அது வேலை உறிஞ்சுறது இல்ல, சேதி சொல்றது. மேல இருந்து என்ன வருதுன்னு ருசி பாத்து, ஹார்மோன்னு ஒரு சரக்கை ரத்தத்துல விடும். எண்ணெய் வந்திருக்கு, பித்தப்பையே பிழிஞ்சு விடுன்னு ஒரு ஹார்மோன் சொல்லும். புளிப்பு எறங்குது, கணையமே தண்ணி விட்டு அதைத் தணின்னு இன்னொண்ணு சொல்லும். இரைப்பையே, கொஞ்சம் நிதானமா அனுப்புன்னு சொல்லும். கடைசியா மூளைக்குப் போயி, போதும் கையைக் கழுவுன்னு சொல்லும். உங்க ஒடம்புல அந்தச் செல்லெல்லாம் ஒழுங்கா வேலை பாக்குது. சேதிதான் உங்களுக்கு வராம இந்தப் பிள்ளைகளுக்குப் போகுது."

"அப்ப எனக்கு?"

"உங்க பித்தப்பைக்கு யாரும் சொல்லல, அது சும்மா இருக்கு. அதான் தின்னது செரிக்காம அப்படியே போகுது. இவங்களுக்குச் சேதி மட்டும் போகுது, சோறு போகல. ஒண்ணுமே இல்லாத குடல்ல பித்தம் வந்து ஊத்துது. அதான் எரியுது, கசக்குது."

அக்கா வெகுநேரம் மகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "நான் சாப்பிடாம இருந்தா?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "காலியாக் கிடக்கிற இரைப்பை வேற ஒரு ஹார்மோனை விடும். பசிக்குதுன்னு மூளைகிட்ட சொல்றது அதான். அதுவும் இவங்களுக்குத்தான் போகும். இவங்களுக்குப் பசி எடுக்கும், சாப்பிடுவாங்க. ஆனா உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. பசி தெரியாம பட்டினி கெடக்கிறது ரொம்ப ஆபத்து, எப்ப நிறுத்தணும்னு ஒடம்பு சொல்லாது." அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, குடல் பக்கமே போகாமல் நரம்பு வழியாகச் சத்து ஏற்ற வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மானேஜர் அதை வாங்கிப் படித்துப் பார்த்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கும், நாசமாய்ப் போகிறவன்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு அக்கா வழக்கம்போல வந்து நீல நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் தட்டு. தட்டில் சோறு, குழம்பு, முட்டை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் அவர் வாயில் படவில்லை, எங்களுக்குக் காலையிலிருந்தே உள்ளுக்குள் ஏதோ பிறாண்டிக்கொண்டிருந்தது, என்னவென்று மறந்துபோயிருந்தது. மானேஜர் பக்கத்தில் வந்து, "சாப்பிடு" என்றார். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டார். வார்டன் ரெஜினா ஒரு கவளம் உருட்டி வாயருகே கொண்டுபோனார், அக்கா பார்த்த பார்வையில் கையை இறக்கிக்கொண்டார். அப்போது எங்களுக்கு ஏறியதே ஒரு பசி! காது அடைத்தது, கண்முன் ஓடுகிற வெள்ளை நூலெல்லாம் இடியாப்பமாகத் தெரிந்தது. நான்தான் முதலில் என் மெஷினை நிறுத்தினேன், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அடுத்து ஆறு, அடுத்து எட்டு, அடுத்தடுத்து எல்லாம் நின்று மில்லே அமைதியானது, நாங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்துபோய் அட்டைப்பெட்டிகளை வெளியே வீசிவிட்டு, உலையை ஏற்றி, வெந்தும் வேகாததுமாக அள்ளிப் போட்டுச் சாப்பிட்டோம். "தட்டை எடுத்துட்டுப் போங்கடி, எம்மகளுக்கு முதல்ல குடுங்க" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினார். நாகஜோதிக்குக் கஞ்சி புகட்டினேன். கிண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு இன்னும் இன்னும் என்றாள்.

அதற்கப்புறம் மானேஜர் அரிசி அனுப்பித்தான் ஆகவேண்டியிருந்தது. பசியோடு நிற்கிற நூற்று நாற்பது பேர் மெஷினைத் தொட மாட்டார்கள் என்று அவருக்கும் தெரிந்துபோனது. அக்கா தன் அறையில் பாயில் படுத்துக்கொண்டு, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். அவர் மெலிய மெலிய எங்கள் பசி வளர்ந்தது. வெறும் ரசத்தையும் தேவாமிர்தம் என்று குடித்தோம். கன்னம் உப்பியது, நாக்கின் மஞ்சள் போனது, ஒருத்திக்குத் தூரம் வந்தபோது ஆளாளுக்குக் குலவை போட்டோம்.

எங்களுக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். மாற்றி மாற்றிப் போய்க் கேட்கத்தான் செய்தோம். "ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்க சாப்பிடுங்கக்கா, அன்னைக்கு நாங்க நிறைஞ்சு கெடந்துக்கிறோம்" என்றோம். "எனக்கு ஒண்ணும் பண்ணலடி, பசியே இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரிப்பார். பசியில்லை என்பதும் உண்மைதான். முகத்தில் ஒரு நோவு இல்லை, ஒரு முனகல் இல்லை, வலிக்கிற மனுஷியாக இருந்திருந்தால் நாங்கள் விட்டிருப்போமா? ஒருவேளை விட்டிருப்போம். அந்தப் பசியோடு எங்களால் பேச முடியவில்லை. நாகஜோதி மட்டும் தினமும் தட்டோடு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடுவாள். ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, நீ தின்றால்தான் நான் தின்பேன் என்று கத்தினாள். அரை மணி நேரம் கழித்துத் தரையில் சிந்தின சோற்றைப் பொறுக்கித் தின்றுகொண்டு அழுதாள். அவள் வயிற்றில் இருந்தது அம்மாவின் பசியாயிற்றே, அதை அவள் எப்படி அடக்குவாள்?

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். "தராசுல முப்பத்தெட்டுக் காட்டு, அன்னைக்கே நான் சாப்பிடுறேன்" என்றார் அக்கா. மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார்.

அக்கா சாப்பாட்டை நிறுத்திய இருபத்துமூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் நாங்கள் சுற்றி நிற்க நாகஜோதி தராசில் ஏறினாள். முள் ஆடியது, நின்றது, முப்பத்தெட்டைத் தாண்டி நின்றது. செருப்புக்கூடப் போடாமல் அம்மாவிடம் ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். அக்கா மகளின் கையை எடுத்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடவிப் பார்த்தார்.

"சதை வச்சிருக்கு. இன்னைக்கு என்ன கொழம்பு?"

"மொச்சைக்கொட்டை."

"அப்ப மத்தியானம் சாப்பிட்டுறலாம். ஆனா நீங்கள்லாம் முதல்ல சாப்பிட்டு முடிங்க. நான் தின்னா உங்களுக்கு எறங்காது. ரெஜினா மேடத்துகிட்ட ஒரு மணிக்கு மேல தட்டைக் குடுத்து விடு." அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்றுமுறை மூச்சு வாங்கினார். நாங்கள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டோம்.

பன்னிரண்டரைக்குக் கூடத்தில் உட்கார்ந்தோம். அன்றைக்கு இருந்தது எல்லா நாளையும்விடப் பெரிய பசி. கை வாய்க்குப் போகிற சத்தம்தான் கேட்டது. இரண்டாம் முறை சோறு வாங்கிப் பாதி தின்றிருப்போம், அந்தப் பசி சட்டென்று நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கவில்லை, கரண்டு போனதும் மெஷின் நிற்குமே, அப்படி நின்றது. நூற்று நாற்பது கையும் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அக்கா சாப்பிட்டுட்டாங்கடி!" என்று கத்தியது நான்தான்.

கூடம் முழுக்கக் கைதட்டல். "ரெஜினா மேடம் அவசரப்பட்டுத் தட்டைக் குடுத்துட்டாங்க, நம்மள முழுசாத் தின்னவிடலயே" என்று ஒருத்தி செல்லமாகத் திட்டினாள், சிரித்தோம், எவ்வளவு நாள் கழித்து அந்தக் கூடத்தில் சிரித்தோம். நான் நாகஜோதியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "பாத்தியா, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்க" என்றேன்.

நாகஜோதி சிரிக்கவில்லை. உருட்டின கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ சத்தத்துக்குக் காது கொடுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"பவுனக்கா" என்றாள். "ஒனக்கு ஏப்பம் வந்துச்சா?"

எனக்கு வரவில்லை, அக்கா சாப்பிட்டால் வருகிற அந்தத் திம்மென்ற நிறைவும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன், அவள் அடுத்தவளைப் பார்த்தாள். அந்தக் கேள்வி வரிசை வரிசையாகப் போனது, போன இடமெல்லாம் சிரிப்பு நின்றது. யாருக்கும் வரவில்லை. கொஞ்ச நேரம் ஆகும், வந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் எச்சில் கையோடு உட்கார்ந்து காத்திருந்தோம், முன்பு முதல் தட்டுக்குக் காத்திருந்த அதே கால் மணி நேரம். அது முடிந்ததும் நாகஜோதி கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.